நையாண்டி பேண்ட் பற்றி எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

கற்பனை பேண்ட் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் சறுக்குவது முகத்தில்தான். திரையில் யார் வாயசைக்கிறாரோ அவரே பாடினார் என்று எழுதிவிடுவார்கள். நானும் அப்படி எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டவன்.

ரட்டில்ஸையே எடுத்துக்கொள்வோம். பீட்டில்ஸைக் கிண்டலடிக்கப் பிறந்த பேண்ட் இது. 1978-இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்தது. பால் மெக்கார்ட்னி சாயலில் டர்க் என்ற பாத்திரமாக வருபவர், மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் எரிக் ஐடில். கதை, வசனமும் அவர்தான். ஆனால் டர்க் பாடுவதாக நாம் கேட்கும் குரல் ஆலி ஹால்சாலுடையது. கிடாரிலும் பெரும்பகுதி அவர் கைவண்ணம். இத்தனை செய்த மனிதருக்குப் படத்தில் கிடைத்தது 'ஐந்தாவது ரட்டில்' லெப்போ என்று கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு தலைகாட்டல். பாட்டுகளை எழுதி மெட்டமைத்தவர் நீல் இன்னஸ். ஜான் லெனன் சாயலில் வருபவரும் அவரே. ஜார்ஜ் ஹாரிசன் சாயலில் வரும் ரிக்கி ஃபத்தார், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க பேண்டில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்மராக நடித்த ஜான் ஹால்சி நிஜத்திலும் டிரம்மர். ஆக, நால்வரில் மூவர் முழுநேர இசைக்காரர்கள். நம் கட்டுரைகளில் பெயர் வருவதோ நான்காமவருக்கு!

நடித்தது யார், பாடியது யார், வாசித்தது யார் என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே தீரும்.

'கிண்டல்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று நினைப்பது அடுத்த பிழை. பழைய ரெக்கார்டுகளைத் திரும்பக் கேட்காமல், மனதில் தங்கியிருந்ததை வைத்தே மெட்டுப்போட்டதாகச் சொன்னார் இன்னஸ். அந்த ஞாபகம் எவ்வளவு கச்சிதம் என்றால், அவர் பாடிய ஒரு ரட்டில்ஸ் பாட்டை, வெளிவராத லெனன் பாட்டு என்று நம்பித் திருட்டு ரெக்கார்டில் சேர்த்தே விட்டார்கள். கச்சிதத்துக்கு விலையும் உண்டு. பீட்டில்ஸ் பாடல்களின் பதிப்புரிமையை அப்போது வைத்திருந்த ஏடிவி மியூசிக் நிறுவனம் சட்டப்படி கிளம்பியது. ராயல்டியில் பாதி போயிற்று. பாடல்களுக்குக் கீழே லெனன்-மெக்கார்ட்னி பெயரும் ஏறியது. இதைப் படித்துவிட்டு 'பீட்டில்ஸ் கொதித்தெழுந்தார்கள்' என்று எழுதுபவர்கள் உண்டு. ஹாரிசன் அந்தப் படத்தில் மைக் பிடித்த தொலைக்காட்சி நிருபராகத் தானே வந்து நின்றவர். வழக்கு நிறுவனத்துடையது, கோபம் அவருடையதல்ல. பின்னாளில் சக்கரம் திரும்பியதும் ஒரு வேடிக்கை: ஒயேசிஸ் என்ற பிரிட்டிஷ் பேண்ட் 1994-இல் விட்ட ஒரு பாட்டு இன்னஸின் 1973 மெட்டை ஒத்திருந்ததால், அதில் இவர் பெயரும் சேர்ந்தது.

இனி ஸ்பைனல் டாப். ராக் பேண்டுகளைக் கிண்டலடித்து 1984-இல் ராப் ரைனர் எடுத்த போலி ஆவணப்படத்தின் பேண்ட். 'வாசிக்கத் தெரியாத நடிகர்கள்' என்று இவர்களைப் பற்றிச் சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சுறுசுறுவென்று வரும். மைக்கேல் மெக்கீன், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர் மூவரும் தாங்களே பாடி, தாங்களே வாசித்தவர்கள். ஒரு பாட்டில் மூவருமே பாஸ் கிடாரைத் தூக்கிக்கொள்வார்கள். அதிலும் ஷியரரிடம் இருப்பது இரண்டு கழுத்துள்ள பாஸ். அடித்தொண்டைச் சத்தம் மட்டுமே கொண்ட ராக் பாட்டு! அது வெறும் இரைச்சலாகிவிடாமல் நிற்க வேண்டுமென்றால் தாளம் பிசகவே கூடாது. வாசிக்கத் தெரிந்தவனால்தான் அப்படிக் கெடுத்து வாசிக்க முடியும். படத்தில் மேடையிலேயே வெடித்துச் சாகும் டிரம்மராக வரும் ஆர்.ஜே. பார்னெல், அட்டாமிக் ரூஸ்டர் குழுவில் இருந்தவர். கீபோர்டு டேவிட் காஃப், ரேர் பேர்ட் குழுவிலிருந்து வந்தவர். இவர்களை 'துணை நடிகர்கள்' என்று ஒரு வரியில் கடந்துபோவது அநியாயம்.

படத்தில் பேசும் பிரிட்டிஷ் உச்சரிப்பை வைத்து மூவரையும் ஆங்கிலேயர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். மூவரும் பிறந்தது அமெரிக்காவில். இதில் கெஸ்டுக்கு மட்டும் அப்பா வழியில் 1996-இல் பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் வந்து, பிரபுக்கள் சபையிலும் சில காலம் உட்கார்ந்தார். இது ஜோக் இல்லை, நிஜம்.

யார் முந்தி என்பதிலும் கவனம் தேவை. பிரிட்டனின் பேட் நியூஸ் என்ற நையாண்டி பேண்டை ஸ்பைனல் டாப்பின் நகல் என்பார்கள். பேட் நியூஸ் சானல் 4-இல் ஒளிபரப்பானது 1983 ஜனவரியில். ஸ்பைனல் டாப் படம் வந்தது அடுத்த ஆண்டு. அதற்காக ஸ்பைனல் டாப்தான் பேட் நியூஸைக் காப்பியடித்தது என்று தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள். ஸ்பைனல் டாப் 1979-இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகம் காட்டிவிட்டது. பேட் நியூஸின் 1987 ஆல்பத்தைத் தயாரித்தவர் குவீன் குழுவின் பிரையன் மே என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

மங்கீஸ் என்ற அமெரிக்க பேண்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தொலைக்காட்சிக்காகச் சேர்த்த குழுதான் என்றாலும் அவர்கள் யாரையும் நையாண்டி செய்ய வந்தவர்களில்லை.

கடைசியாக, ஆல்பத்தின் உறையில் அச்சிட்டதை அப்படியே எடுத்தெழுதும் பழக்கம். 1985 ஏப்ரல் 1-ஆம் தேதி, தேதியைக் கவனியுங்கள், டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் என்ற பெயரில் ஒரு ரெக்கார்ட் வந்தது. அறுபதுகளின் சைக்கடெலிக் (போதை மயக்கக் கனவுபோல் ஒலிக்கும்) இசையைப் பரிகாசமும் பாசமுமாகப் பிரதி எடுத்த வேலை. உறையில் இருந்த பெயர்கள் சர் ஜான் ஜான்ஸ், ரெட் கர்ட்டன், லார்ட் கார்னீலியஸ் ப்ளம். அத்தனையும் எக்ஸ்டிசி குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜும் கோலின் மோல்டிங்கும் டேவ் கிரெகரியும் போட்ட வேஷம். சொந்தப் பெயரில் அவர்கள் அதற்கு முன் விட்ட ஆல்பத்தைவிட இந்த வேஷம் பிரிட்டனில் அதிகம் விற்றது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'சுவாமி ஆனந்த் நகரா' என்று இருக்கும். யாரோ நம்மூர்ச் சாமியார் லண்டன் வரை போய் ராக் இசை தயாரித்திருக்கிறார் என்று புல்லரித்துவிட வேண்டாம். அவர் ஜான் லெக்கி. பின்னர் ஸ்டோன் ரோஸஸ் என்ற பிரிட்டிஷ் பேண்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்.