டாய்லெட்டுக்கு ரெண்டு படி ஏறணுமா? வினோதமான வீடு பாக்கும்போது எதுக்கு சிரிக்கலாம், எதுக்கு டேப் எடுக்கணும்

வீடு தேட ஆரம்பிச்ச புதுசுல ஒரு வீட்டுக்கு போனோம், ஹால் செவுரு முழுக்க அருவி. தரைலேந்து சீலிங் வரைக்கும் ஒட்டின போட்டோ வால்பேப்பர், கீழ் மூலைல ஒரு மான் வேற நம்மளையே பாத்துட்டு நிக்குது. புரோக்கர் அந்த பக்கம் திரும்பினதும் நானும் என் தம்பியும் சிரிப்ப அடக்க முடியாம போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டு, அங்கேயே பத்து நிமிஷம் போச்சு. கிளம்புற நேரத்துல தம்பி சும்மா மானோட கால் கிட்ட விரல வச்சு அமுக்கினான், விரல் உள்ள போயிடுச்சு. பேப்பருக்கு பின்னாடி பூச்சு மொத்தமும் ஓதம் ஏறி பொதபொதன்னு இருந்துச்சு. அருவி நிஜமாவே அங்க ஓடிட்டுதான் இருந்துருக்கு.

அதுக்கு முந்தின வாரம் வேற ஒரு வீட்ட மூணே நிமிஷத்துல வேணாம்னு சொல்லிட்டு வந்திருந்தோம், ஏன்னா எல்லா ரூமும் கத்திரிப்பூ கலர், சீலிங்க கூட விடல. இப்ப யோசிச்சா நாங்க பாத்த இருபது சொச்சம் வீட்டுல ஒழுங்கா கட்டினது அது ஒண்ணுதான். நேரான ரூம், எல்லா ரூம்லயும் ஜன்னல், ஒரு விரிசல் கிடையாது. ரெண்டு நாள் பெயிண்ட் வேலைக்கு பயந்து அத விட்டுட்டு வந்துருக்கோம். இத எழுதுறதே அந்த வயித்தெரிச்சல்லதான்.

சரி, முறைய சொல்றேன். போறதுக்கு முன்னாடியே பாதி வேலை போட்டோலயே முடிஞ்சிடும். விளம்பர போட்டோ பெரும்பாலும் வைடு ஆங்கிள் லென்ஸ்ல எடுக்குறது, அது ரூம பெருசா காட்டும், ஓரத்துல இருக்குற பொருள் இழுபடும், அதனால ஃப்ரிட்ஜ் பீரோ சைஸ்ல தெரிஞ்சா, வட்டமான வாஷ்பேசின் முட்டை மாதிரி தெரிஞ்சா ரூம் அவ்ளோ பெருசு இல்லன்னு வச்சுக்கோங்க. தரைல டைல்ஸ் இருந்தா எண்ணுங்க, ஒரு டைல் என்ன அளவுன்னு போன்ல கேளுங்க, 60 சென்டிமீட்டர் டைல் அஞ்சு இருந்தா ரூம் 3 மீட்டர், அவ்ளோதான் கணக்கு. அப்புறம் எந்த ரூமுக்கு போட்டோவே இல்லன்னு பாருங்க. சமையல்கட்டு நாலு கோணத்துல இருக்கு, ரெண்டாவது பாத்ரூம் ஒண்ணு கூட இல்லன்னா நேர்ல போனதும் முதல்ல அங்க போங்க.

நேர்ல போறப்ப கையில டேப், டார்ச், ஒரு கோலிகுண்டு. சிரிக்காதீங்க, கோலிய தரைல வச்சா அது எந்த பக்கம் ஓடுதுன்னு தெரியும், பாத்ரூம்ல வடிகால் பக்கம் ஓடினா நல்லது, பெட்ரூம்ல வேகமா ஒரு மூலைக்கு ஓடுச்சுன்னா தரை ஏன் சாஞ்சிருக்குன்னு கேக்கணும். முதல் ரவுண்டு வாயே தொறக்காம சுத்துங்க. விநோதத்துக்கு ஒரு குணம் இருக்கு, கண்ண அங்கேயே கட்டிப்போட்டுடும். அதனால சிரிப்ப வண்டியில ஏறினதுக்கு அப்புறம் வச்சுக்கலாம், வீட்டுக்குள்ள இருக்குறப்ப ஒவ்வொரு விநோதத்துக்கும் ஒரே கேள்விதான்: இது ரசனையா, இல்ல மறைப்பா?

ரசனைன்னா விடுங்க. கருப்பு பெட்ரூம், தங்க கலர் தூண், சிங்க தலை குழாய், எதுவா இருந்தாலும் ஆளுக்கு ஆள் மாறும். அடர் கலர அடிச்சு மறைக்க முதல்ல பிரைமர், மேல ரெண்டு மூணு கோட்டு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மறைப்பு கொஞ்சம் கவனிக்கணும். மொத்த வீடும் பழைய பெயிண்ட், ஒரே ஒரு செவுரு மட்டும் பளபளன்னு புதுசுன்னா அந்த செவுத்துல கைய வச்சு பாருங்க, ஜில்லுன்னு ஈரமா இருக்கா, கீழ ஸ்கர்ட்டிங் கிட்ட வெள்ளையா உப்பு பூத்துருக்கா. முழங்கால் உயரத்துல தனியா ஒரு படம் மாட்டிருந்தா (பாத்திருக்கேன்) ஓனர்கிட்ட கேட்டுட்டு தூக்கி பாருங்க. நடு ஹால்ல இல்லாம சம்பந்தமில்லாத மூலைல கிடக்குற விரிப்பும் அப்படித்தான். செவுரு முழுக்க முகம் பாக்குற கண்ணாடி ஒட்டினது மறைப்புலயே வேற ரகம், அது ஓதத்த மறைக்கல, ரூமோட அளவ மறைக்குது, கண்ண நம்பாம டேப்ப நம்புங்க.

பாத்ரூம்ல கார்ப்பெட் போட்ட வீடு ரெண்டு பாத்தேன். டாய்லெட்ட சுத்தி கூட அளவு வெட்டி போட்டிருந்தாங்க, மிதிக்கிறதுக்கு மெத்துன்னு சுகமாதான் இருந்துச்சு, அதான் பயமே. தண்ணி கீழ இறங்கினா காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும், மரத்தரையா இருந்தா பலகை ஊறி மக்கிடும். ஓர மூலைய கொஞ்சம் தூக்கி பாக்கலாமான்னு கேளுங்க, மூக்கே மிச்சத்த சொல்லிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா அதுக்கு மேல என்ன ரூம்னு கேளுங்க. மேல பாத்ரூமா இருந்தா லைட் போட்ட ஓட்ட வழியாவாவது டார்ச் அடிச்சு உள்ள பாக்கணும், பழுப்பு வட்டம் தெரிஞ்சா அது கசிவு.

பழைய வீட்டுல அலங்காரமே ஆபத்தா இருக்குறதும் உண்டு. மணல வாரி அடிச்ச மாதிரி சொரசொரன்னு இருக்குற பழைய சீலிங்ல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம், அடுக்கடுக்கா உரியுற பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அமெரிக்கால வீட்டு பெயிண்ட்ல ஈயத்த தடை பண்ணதே 1978லதான், பிரிட்டன்ல கல்நார் முழுசா நின்னது 1999ல. அதனால அசிங்கமா இருக்கேன்னு வாங்கின மறுநாளே சுரண்ட ஆரம்பிக்காதீங்க, உரியாம உடையாம சும்மா இருக்குற வரைக்கும் பெரும்பாலும் தொந்தரவு இல்ல, உரியுறப்பவும் சுரண்டுறப்பவும்தான் தூசி உடம்புக்குள்ள போகும். ஒரு துண்டு லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு கை வைங்க.

இப்ப லேயவுட். இங்கதான் நான் மணிக்கணக்கா பேசுவேன். கலர் மாதிரி இல்ல, ஒரு வீட்டோட அமைப்பு கோணலா இருந்தா அதுக்கு பின்னாடி கண்டிப்பா ஒரு கதை இருக்கும், அந்த கதை பைப்லயோ செவுத்துலயோதான் போய் முடியும்.

உதாரணத்துக்கு தலைப்புல சொன்ன டாய்லெட். சிம்மாசனம் மாதிரி மேடை கட்டி மேல உக்கார வச்சிருந்தாங்க, பாத்ததும் ராஜா வீடுடான்னு கிண்டல் பண்ணோம். விஷயம் என்னன்னா அங்க முதல்ல டாய்லெட்டே கிடையாது, பின்னாடி சேத்தது. கழிவு பைப்புக்கு வாட்டம் வேணும், சாதாரணமா 40க்கு 1, அதாவது மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். மெயின் பைப் 4 மீட்டர் தள்ளி இருந்தா வாட்டத்துக்கே 10 சென்டிமீட்டர், பைப்போட குறுக்களவு ஒரு 11, ஆக 21 சென்டிமீட்டர். தரைய உடைச்சு பைப்ப உள்ள இறக்க முடியலன்னா டாய்லெட்டத்தான் மேல தூக்கணும், படி அங்கேந்துதான் வந்துச்சு. மேடை இருந்தா கூட பரவால்ல, மேடையும் இல்லாம மெயின் பைப்பும் தூரமா இருந்தாதான் எனக்கு சந்தேகமே வரும், ஏன்னா அப்ப வாட்டம் எங்க? சில இடத்துல டாய்லெட்டுக்கு பின்னாடி ஒரு பொட்டி இருக்கும், கழிவ அரைச்சு தள்ளுற பம்ப் அது, கரண்ட் போனா அதுவும் நிக்கும், ராத்திரி ஓடுற சத்தம் பக்கத்து ரூமுக்கு கேக்கும். ஃப்ளஷ் பண்ணி காத குடுங்க.

ரூமுக்கு ரூம் ஒரு படி ஏறி இறங்குதா, ஒரு பெட்ரூம் ஜன்னலத் தொறந்தா வெளிய தெரியாம இன்னொரு ரூம் தெரியுதா, அப்ப அந்த ஜன்னல் இருக்குற செவுருதான் ஒரு காலத்துல வீட்டோட வெளிச்செவுரு, அதுக்கு அப்பால இருக்குறது பின்னாடி ஒட்டினது. ஒட்டினது தப்பில்ல, ஆனா அனுமதி வாங்கி கட்டினாங்களா, பழசும் புதுசும் சேர்ற இடத்துல விரிசல் விட்டுருக்கா, மேல கூரை சேர்ற கோட்டுல ஒழுகுதா, இந்த மூணையும் பாருங்க. முக்கியமா அந்த உள் ரூமுக்கு இப்ப காத்து எங்கேந்து வருது, தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய வர்றது? ஜன்னல் இல்லாத ரூம என்ன பேர் சொல்லி வித்தாலும் நான் அத பெட்ரூம் கணக்குல சேக்க மாட்டேன், அது சாமான் ரூம்.

எங்கயும் போகாத படிக்கட்டு, தொறந்தா செவுரு நிக்கிற கதவு, இதெல்லாம் நம்ம தலையெழுத்து மட்டும் இல்ல. ஜப்பான்ல அகாசேகாவா கென்பெய்னு ஒரு கலைஞர், 1972ல டோக்கியோல ஒரு கட்டடத்துல ரெண்டு பக்கமும் ஏறி இறங்க மட்டும் செய்யுற, மேல கதவே இல்லாத படிக்கட்ட பாத்திருக்கார். யாருக்கும் உதவாத அந்த படிக்கு கைப்பிடிய மட்டும் ரிப்பேர் பண்ணி வச்சிருந்தாங்களாம். பின்னாடி இந்த மாதிரி பொருளுக்கெல்லாம் தாமசன்னு பேரு வச்சாங்க, பெரிய சம்பளத்துக்கு அங்க விளையாட வந்து பந்த சரியா அடிக்க முடியாம போன ஒரு பேஸ்பால் வீரரோட பேரு அது. கலிஃபோர்னியா சான் ஹோசேல இருக்குற வின்செஸ்டர் வீட்ட 1886லேந்து 1922 வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாங்க, அதுல ஒரு படிக்கட்டு நேரா சீலிங்ல போய் முட்டும். அங்க டிக்கெட் போட்டு சுத்தி காட்டுறாங்க, நாம டிக்கெட் போட முடியாது, குடி இருக்கணும். ஆக உதவாத ஒண்ண பாத்தா ஏன் இப்படின்னு கேக்காதீங்க, ஓனருக்கு கோவம் வரும், இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. இந்த கேள்விக்கு மனுஷங்க ஆர்வமா பதில் சொல்லுவாங்க, ஒரு ஓனர் செவுத்த எடுத்த கதைய அவரே பெருமையா சொன்னார், இஞ்சினியர கேட்டீங்களான்னதுக்கு மட்டும் பேச்ச மாத்திட்டார்.

அந்த செவுரு விஷயம் கொஞ்சம் சீரியஸ். ஹால் நடுவுல அசிங்கமா ஒரு தூண் நிக்குதுன்னா பொதுவா நல்ல செய்திதான், யாரோ கணக்கு பாத்து வச்சிருக்காங்க. தூணே இல்லாம பெரிய ஹால், மேல் மாடில அதுக்கு நேர் மேல செவுரு நிக்குது, அங்கதான் வயித்துல புளி கரைக்கணும். மேல போய் கதவெல்லாம் சாத்தி பாருங்க, நிலைல இடிக்குதா, ஜன்னல் மூலைலேந்து சாய்வா விரிசல் ஓடுதா, சீலிங் நடுவுல தொங்குதா. தட்டி பாத்து சத்தத்த வச்சு இது பாரம் தாங்குற செவுரா இல்லையான்னு சொல்றவங்கள நம்ப வேணாம், தூண், பீம் வச்சு கட்டின வீட்டுல தடியான செவுரு கூட சும்மா அடைச்சதா இருக்கலாம், செங்கல் செவுத்து மேலயே நிக்கிற வீட்டுல உள் செவுரு கூட மேல் மாடிய தாங்கலாம். டிராயிங் பாத்து இஞ்சினியர் சொல்லணும்.

படிக்கட்டுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, 17ஆம் நூற்றாண்டுல ஃபிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா ப்ளோந்தெல் சொன்னதுலேந்து வந்தது: படியோட உயரத்த ரெண்டால பெருக்கி மிதிக்கிற அகலத்த கூட்டினா சுமார் 60லேந்து 65 சென்டிமீட்டர் வரணும், நாம நடக்குறப்ப ஒரு எட்டோட நீளம் அது. ஒவ்வொரு படியும் அளக்க வேணாம், கீழ பாக்காம நேரா பாத்து மெதுவா ஏறுங்க, எங்கயாவது கால் தடுமாறினா அந்த படி மத்ததுலேந்து வித்தியாசம். அப்புறம் வளைஞ்சு போற இரும்பு படி, போட்டோல அள்ளும், மெத்தைய எப்படி மேல ஏத்துறதுன்னு மட்டும் யோசிங்க.

கடைசியா ஒரு நாடகம் போடுங்க. கை நிறைய பையோட வாசல்ல நுழையுற மாதிரி நடங்க, எங்க வைப்பீங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு டாய்லெட் போற மாதிரி போங்க, லைட் சுவிட்ச் ரூமோட அந்த கோடில இருக்கா, போற வழில இன்னொருத்தர் பெட்ரூம தாண்டணுமா? எல்லா கதவையும் ஒரே நேரத்துல தொறங்க, ஒண்ணோட ஒண்ணு முட்டுதா? ஃப்ரிட்ஜ் கதவு முழுசா தொறக்குமா? ஒரு வீட்டுல பாத்ரூமுக்கு முழு கண்ணாடி செவுரு, அந்த பக்கம் சாப்பாட்டு மேசை, நான் கமோட்ல உக்காந்து தம்பிய மேசைல உக்கார சொன்னேன், ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பாத்துக்கிட்டோம், கேள்வியே இல்லாம எழுந்து வந்துட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் கண்டத எழுதி செலவு வரிசைல போடுங்க: கலர், லைட், கதவு, அடைப்பு செவுரு, அதுக்கு ரொம்ப தூரம் மேல பைப்ப மாத்துறது, படிக்கட்ட மாத்துறது, பாரம் தாங்குற செவுத்த தொடுறது. சீலிங் உயரம், வெளிச்சம் வர்ற பக்கம், இதெல்லாம் எவ்ளோ குடுத்தாலும் அனேகமா மாறாது. பேரம் பேசுறப்ப வீடு கோரமா இருக்குன்னு சொல்லாதீங்க, பிளம்பர் எழுதிக் குடுத்த தொகைய காட்டுங்க. அலங்காரத்த பாத்து மத்தவங்க ஓடுறதும் உங்களுக்கு லாபம்தான், போட்டி கம்மி.

கத்திரிப்பூ வீட்டுக்கு திரும்ப கேட்டோம், போயிடுச்சு. இப்ப நாங்க இருக்குற வீட்டுல பெட்ரூம்ல ஒரு கதவு, தொறந்தா செங்கல். இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டதுல, பக்கத்து போர்ஷனும் இதுவும் ஒரே வீடா இருந்ததாம், பிரிச்சப்ப செவுரு வச்சாங்க, கதவ கழட்ட சோம்பேறித்தனம். டிராயிங்ல இருக்கு, விரிசல் இல்ல, அப்படியே விட்டுட்டோம். வர்ற விருந்தாளிங்க பாத்ரூம்னு நினைச்சு தொறக்குறாங்க, தம்பி எண்ணிட்டு வர்றான், இதுவரைக்கும் 14 பேர்.