கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்குப் போகும்போது கல்லூரிப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து (கேரளம், பாலக்காடு மாவட்டம்) கோவை போகும் பஸ்ஸில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். பி.காம். இரண்டாம் ஆண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். “டிஸ்லெக்சியாவான்னு பார்க்கப் போனேன் அண்ணா. இங்கிலீஷ் வீக், வேற ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்றான். டிஸ்லெக்சியா என்பது வாசிக்க, எழுதச் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு. பத்தாவது வரை தமிழ் மீடியம். வாசிக்கச் சொன்னதோ ஆங்கிலம் மட்டும். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. 19 வயதில் நானும் இப்படி ஒரு ஃபைலோடுதான் திரும்பினேன். இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோடு துணைக்குப் போய் வருகிறேன். அவர்களும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

எந்த மொழியில் என்று கேட்காமல் உட்காருவது

எனக்கு முதல் தடவை மலையாளத்தில் வைத்தார்கள். கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசி மலையாளம் சரளமாக வரும். எழுதப் படித்தது தமிழ். நான் பேசியதைக் கேட்டு ‘மலையாளம் போதும்’ என்றார்கள், நானும் தலையாட்டினேன். சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பாரதம், பலம், பழம் மூன்றுக்கும் ஒரே ‘ப’ போட்டேன். மலையாளத்தில் அவை மூன்றும் வேறு வேறு எழுத்து. தமிழில் இருப்பது ஒன்று, கைக்குப் பழகியதும் அதுதான். ‘மொழிப் பயிற்சி போதாது’ என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்த தடவை போக ஒரு வருடமும் இரண்டு அரியரும் ஆயின.

உண்மையான கோளாறு தமிழிலேயே இருந்தது. ல, ள, ழ குழப்பம் எல்லோருக்கும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என் நோட்டில் ‘படகு’ ஒரே பக்கத்தில் ‘பகடு’, ‘படுக’ என்றெல்லாம் கிடந்தது. இதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தானே கண்டுபிடிக்க முடியும்?

மொழி சரியாகத் தெரியாததுதான் காரணமோ என்ற சந்தேகத்தை விலக்கிய பிறகே கற்றல் குறைபாடு என்று சொல்வார்கள். அதனால் ஃபீஸ் கட்டும் முன் போன் போட்டு, “தமிழிலும் வாசிக்க, எழுத வைத்துப் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். இழுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ரிப்போர்ட்டையே சான்றிதழ் என்று நினைப்பது

தனியார் ரிப்போர்ட் வேறு, அரசு மெடிக்கல் போர்டு தரும் சான்றிதழ் வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் எழுதச் சிரமம் உள்ளவர்கள் ஸ்கிரைப் (சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்) வைத்துக்கொள்ள 2022-இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆதார் பாலக்காட்டில், கல்லூரி கோவையில் என்றால் எந்தச் சான்றிதழ் என்று குழம்ப வேண்டாம். கேரளத்தில் வாங்கியதும் நாடு முழுக்கச் செல்லும்.

ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடுவது

அப்போது சான்றிதழுக்கு ஓடினால் அந்த செமஸ்டருக்கு உதவாது.

பழைய நோட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போடுவது

சிரமம் சின்ன வயதிலேயே இருந்ததா என்று கட்டாயம் பார்ப்பார்கள். ‘அப்பவே அப்படித்தாங்க’ என்று வாயால் சொல்வதை விட நாலாம் வகுப்பு நோட்டு ஒன்று நன்றாகப் பேசும். “ஏனுங்க, அந்தக் கிறுக்கலையா காட்டறது?” என்று ஒரு அம்மா கூச்சப்பட்டார். அந்தக் கிறுக்கலைத்தான் சைக்காலஜிஸ்ட் பத்து நிமிஷம் புரட்டினார்.

யூடியூபில் டெஸ்டைப் பார்த்துப் பழகிப் போவது

பழகிப் போனால் ரிசல்ட் சரியாக வராது. வீணாகும் காசு உங்களுடையது.

கண், காது பார்க்காமல் போவது

போனதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் கண்ணாடி போட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் டெஸ்ட் வைத்தார்கள்.