ஓமன் பயணத்துக்கு என்ன உடை எடுத்துப்போவது?

போன டிசம்பரில் அம்மா, கணவர், நான் மூன்று பேரும் ஓமனில் எட்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம். விசா, டிக்கெட் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, துணிமணி மட்டும்தான். அதில்தான் நாங்கள் சொதப்பினோம்.

படி 1: எந்தெந்த ஊர் என்று முதலில் எழுதுங்கள்

ஓமன் என்றதும் பாலைவனம், வெயில் என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். டிசம்பரில் மஸ்கட் பகலில் 25 டிகிரியை ஒட்டி, நம் ஊர் மார்கழி மாதிரி இதமாக இருக்கும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தைத் தொடும் ஜெபல் ஷம்ஸ் மலையில் இரவு பல் கிட்டிவிடும். கோடையில் மஸ்கட் 40 டிகிரியைத் தாண்டும், கடற்கரை ஊர் என்பதால் வேர்வையும் சேர்ந்துகொள்ளும். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை தெற்கு ஓமனில் உள்ள சலாலா போகிறவர்களுக்கு வேறு கணக்கு: அங்கே அப்போது சாரல் காலம், குடையும் சீக்கிரம் காயும் துணியும் வேண்டும்.

படி 2: அன்றாட உடை

பொது இடத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். உடைக்கு மேலே போடும் நீளமான அங்கியான அபாயா நமக்குக் கட்டாயமில்லை. முழுக்கை குர்தா மூன்று, தொளதொளவென்று இரண்டு பலாசோ, எட்டு நாளுக்கு இது தாராளம். லெக்கிங்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்பேன். உடம்போடு ஒட்டுவதால் மசூதியில் பிரச்சினை, வெயிலில் புழுக்கம்.

துணி என்றால் மல் காட்டன்தான். ஜார்ஜெட், பாலியெஸ்டர் எல்லாம் கசங்காது என்று என் கணவர் வாதாடுவார். வேர்வை ஊறிய பாலியெஸ்டர் சட்டையோடு நிஸ்வா சந்தையில் அரை மணி நேரம் நின்ற பிறகு அந்த வாதம் நின்றுபோனது.

படி 3: பெரிய மசூதி

மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில், முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 மணி வரைதான் பார்வை நேரம். வெள்ளிக்கிழமை கிடையாது. அதனால் உடையில் ஒரு தவறு நடந்தால், ஓட்டலுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரம் இருக்காது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. அம்மா நல்ல காஞ்சிபுரம் காட்டன் புடவை கட்டி வந்திருந்தார். வாசலில் நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் இடுப்பை. "ஏன்டி, புடவையைவிட மரியாதையா என்ன உடுப்பு இருக்கு?" என்றார் அம்மா. அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அங்கே பெண்களுக்கான விதிப்படி தலைமுடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் மறைந்திருக்க வேண்டும். முக்கால் கை ரவிக்கையும் இடுப்பு இடைவெளியும் அதில் அடங்காது. கடைசியில் வாடகை அபாயா ஒன்றை புடவைக்கு மேலே மாட்டி, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடியே சுற்றிப் பார்த்தார்.

என் துப்பட்டாவும் என்னைக் கைவிட்டது. ஷிஃபான், வழுக்கிக்கொண்டே இருந்தது. தலையில் பருத்தித் துப்பட்டாதான் நிற்கும்: நெற்றியை ஒட்டிப் போர்த்தி, தாடைக்குக் கீழே ஒரு ஊக்கு, தோளில் இன்னொன்று. ஊக்கு டப்பாவைக் கைப்பையில் வையுங்கள். என்னுடையது பெரிய பெட்டிக்குள், பெட்டி கார் டிக்கிக்குள்.

அரைக்கை குர்தாதான் இருக்கிறதா? ஸ்கூட்டி ஓட்டும்போது மாட்டுகிறோமே, அந்தப் பருத்திக் கையுறை மணிக்கட்டு வரை மறைத்துவிடும். தொழுகைக் கூடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுப் போங்கள். சாண்டிலியரையும் பிரம்மாண்டமான பாரசீகக் கம்பளத்தையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

படி 4: வாடி ஷாபில் இறங்க

வாடி ஷாப் ஒரு மலையிடுக்கு ஓடை. பாறைகளுக்கு நடுவே பச்சை நிறத் தண்ணீர், கடைசியில் நீந்தித்தான் குகைக்குள் போக வேண்டும். குர்தாவோடு இறங்காதீர்கள், நனைந்ததும் கனத்துக் காலைச் சுற்றும். அடர்நிற டீ-ஷர்ட், முழங்காலைத் தாண்டிய நீச்சல் பேண்ட் சரி. வெள்ளை வேண்டாம், நனைந்தால் உள்ளே தெரியும். (லெக்கிங்ஸுக்கு நான் அனுமதி தரும் ஒரே இடம் இதுதான்.) பாறை வழுக்கும், பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு அவசியம்.

படி 5: குளிருக்கு

ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை. மலைக்கும் பாலைவன முகாம் இரவுக்கும் இதுவே போதும். சால்வை ஏசி காரிலும் உதவும்.

பின்சேர்க்கை: ஆண்களுக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முழு பேண்ட், அரைக்கைச் சட்டை இருந்தால் மசூதிக்குள் போகலாம். பெர்முடாஸ் ஆகாது. இன்னொரு வாசகி, அம்மாவைப் புடவையிலேயே அழைத்துப்போக வழி உண்டா என்று கேட்டார். முழுக்கை ரவிக்கையை இடுப்புக்குக் கீழே இறங்கும் அளவுக்குத் தைத்து, முந்தானையைத் தலையில் போட்டு ஊக்குக் குத்தினால் விதிப்படி எல்லாமே மறையும். நான் சோதித்துப் பார்க்கவில்லை. அம்மா அடுத்த முறை சுடிதார்தான் என்று சொல்லிவிட்டார்.