தத்துப்பிள்ளை வரும் முன்: மலைநாட்டு வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி?

பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் எல்லோரும் முதலில் ஓடுவது கடைக்குத்தான். நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கம் இருப்பவர்கள் பணத்தையும் நேரத்தையும் முதலில் வீட்டுக்குச் செலவழியுங்கள், சாமான்களைக் கடைசியில் வாங்குங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. ஈரச் சுவரும் அடுப்புப் புகையும் பிள்ளையைப் படுத்தும் பாட்டை எந்த விலை உயர்ந்த தொட்டிலாலும் ஈடுகட்ட முடியாது. அதோடு, எத்தனை மாதப் பிள்ளை வரும் என்பது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். அளவு பார்த்து முன்கூட்டியே வாங்கிய உடுப்பில் பாதி அலுமாரியிலேயே கிடக்கும்.

படி 1: சட்ட வழியை உறுதி செய்யுங்கள்

இலங்கையில் தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது கூடியிருக்க வேண்டும் என்பது பொது விதி. நெருங்கிய உறவினர் என்றால் சில விலக்குகள் உண்டு. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தத்தெடுப்புக் கட்டளை தருவது நீதிமன்றம். ஆஸ்பத்திரி வாசலிலோ தோட்டத்திலோ ஒரு தரகர், "ஒரு பிள்ளை இருக்கு, இவ்வளவு குடுத்தால் போதும்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். பிள்ளைக்காகப் பணம் கைமாறுவது குற்றம். அப்படி வந்த பிள்ளையை எந்த நேரத்திலும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்க வருவார். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். மாபிள் தரையா என்று அவர் பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் படுக்க இடம், நல்ல தண்ணீர், கக்கூஸ், பராமரிக்க ஆள், இவைதான் கேள்வி. கீழே வரும் வேலைகளைச் செய்து முடித்தால் அந்தக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

படி 2: அறையைக் காய வையுங்கள்

இதற்கு மட்டும் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். மலைநாட்டு வீடுகள் பெரும்பாலும் மண்ணை வெட்டிய திட்டில் நிற்பவை. வெட்டிய மேட்டைப் பார்த்த பின்சுவர்தான் எப்போதும் ஈரமாக இருக்கும். பிள்ளையின் படுக்கை அந்தச் சுவரோடு சேரக்கூடாது. வேறு இடமே இல்லை என்றால் நான்கு அங்குல இடைவெளி விட்டுக் கட்டிலைப் போடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஓர் அடிச் சதுரத்துக்குத் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில், நீர்த்துளிகள் பூத்திருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் கசிகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் வீட்டுக்குள் இருக்கும் ஆவிதான் குளிர்ந்து படிகிறது. முதலாவதற்கு மருந்து வெளியே இருக்கிறது: பின்பக்கக் கானை மண்ணும் இலையும் இல்லாமல் வழித்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி வைத்து வெளியே விடுங்கள். இரண்டாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். மூட்டம் விலகும் பத்து மணி தொடக்கம் இரண்டு மணி வரை ஜன்னலைத் திறந்து வைத்து, மறுபடி மூட்டம் இறங்குமுன் மூடிவிடுங்கள். நனைந்த உடுப்பைப் பிள்ளையின் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள்.

பூஞ்சணம் பிடித்த இடத்தில் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் மறுபடி கறுக்கும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகே அடியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் கன மழை. சுவர் வேலையை அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விறகடுப்பு இருக்கிற குசினிக்குப் புகைபோக்கி இருக்கட்டும். பிள்ளையின் அறைக்கும் குசினிக்கும் நடுவில் கதவு இல்லை என்றால் ஒரு கதவு போடுங்கள். புதுத் தொட்டிலை விட அந்தக் கதவுதான் முக்கியம்.

படி 3: படுக்கை

தொட்டில் வாங்குவதானால் கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த மெத்தை சரிவராது. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தலையணை, பொம்மை, தளர்ந்த கம்பளி எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். குளிருக்கு உடுப்பை அடுக்குங்கள்: உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் நீண்ட கைச்சட்டை, மேலே சுவெட்டர். பிள்ளையின் கை கால் குளிர்ந்திருப்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது இயல்பு. கழுத்தின் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது தலையில் கம்பளித் தொப்பி வேண்டாம், உடம்பு அதிகம் சூடேறிவிடும். சுடுதண்ணீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கலாம், ஆனால் பிள்ளையைக் கிடத்துமுன் பையை எடுத்துவிட வேண்டும்.

சிறுவர் இல்லத்தில் இருந்து வரும் பிள்ளை, சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் மூச்சு விடும் சத்தத்திலேயே தூங்கிப் பழகியிருக்கும். அதைத் தனி அறையில், இருட்டில், அமைதியில் விட்டால் பயந்துதான் போகும். முதல் சில மாதங்களுக்குப் படுக்கை உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையாக இருக்கட்டும். சின்ன வெளிச்சம் ஒன்று எரியட்டும்.

படி 4: உடுப்பு

வயது உறுதியானதும் வாங்குங்கள். கைக்குழந்தை என்றால் மலைநாட்டுக் கணக்கு இது: துணி நெப்கின் 30, பனியன் 8, நீண்ட கைச்சட்டை 6, காற்சட்டை 8, சுவெட்டர் 3, மேசு 8 சோடி, வெளியே போகத் தொப்பி 2, டவல் 3. கொழும்பில் இதில் பாதி போதும். இங்கே மழை நாளில் ஒரு நெப்கின் காய இரண்டு நாள் எடுக்கும், அதனால்தான் இந்த எண்ணிக்கை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை மணம் ஏறும், தீப்பிடிக்கவும் கூடும். அரைகுறையாகக் காய்ந்ததை அயன் செய்து முடிப்பது நல்லது. இரவுக்கும் பயணத்துக்கும் பம்பர்ஸ் ஒரு பக்கற் இருக்கட்டும்.

படி 5: சாப்பாடு

பிள்ளை இப்போது என்ன பால்மா குடிக்கிறது, எந்த மாதிரிப் போத்தல், எந்தெந்த நேரம் என்று கேட்டு அதையே இரண்டு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். வீடு, முகம், மணம் எல்லாம் மாறும் கிழமையில் பாலையும் மாற்றினால் வயிறு குழம்பும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பிறகு உங்கள் பகுதிக் குடும்ப நல மருத்துவமாதுவைக் கேட்டு மெதுவாகச் செய்யலாம்.

கரைக்கும் முறை:

1. போத்தல், சூப்பி, மூடி மூன்றையும் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.
2. ஊற்றுப் பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, நன்றாகக் குமிழ்விட்டு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அது போதும்.
3. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகைக்குக் குறையுமுன், அளந்து ஊற்றுங்கள். தண்ணீர் முதல், மா பிறகு.
4. கரண்டியைத் தட்டையாக வழித்து, டின்னில் போட்டிருக்கும் கணக்குப்படி மட்டும் போடுங்கள்.
5. ஓடும் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் போன மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

"குளிர் இடம்தானே, கொஞ்சம் திக்காகக் கொடுப்போம்" என்று ஒரு கரண்டி கூடப் போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. உப்பும் சத்தும் அளவுக்கு மிஞ்சி, பிள்ளைக்கு மலம் இறுகும், உடம்பில் நீர் குறையும். மாவை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைதானே என்று சின்ன வயதில் பிளேன்டீ பழக்க வேண்டாம்; சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், அளவில்லாமல் சாப்பிடலாம், பாண் துண்டைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கலாம். அதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம் அது. கைக்கு எட்டும் இடத்தில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். ஒளிப்பது தானாகக் குறையும்.

படி 6: முழங்காலில் நின்று வீட்டைப் பாருங்கள்

பிள்ளையின் உயரத்தில் நின்று ஒவ்வொரு அறையாகப் போங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் முதலில் வெளியேறட்டும். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். களைகொல்லி பூட்டுக்குள் இருக்கட்டும். தண்ணீர்ப் பீப்பாய்க்கு இறுக்கமான மூடி வேண்டும். தேநீர்ப் பிளாஸ்க் மேசை நடுவில் இருக்க வேண்டும், மேசைவிரிப்பு தொங்கக்கூடாது. சுட்டுவிட்டால் பற்பசை பூச வேண்டாம், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். இஸ்தோப்புக்கு வெளியே திட்டு முடிந்து பள்ளம் இறங்கும் இடத்தில் வேலியும் சின்னக் கேற்றும் கட்டாயம்.

படி 7: இல்லத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

பிறப்புப் பதிவு பற்றிய தாள்கள், தடுப்பூசி விபரத்தோடு சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேடு, மருந்து இருந்தால் சீட்டு. அதோடு தாளில் இல்லாத விபரங்களையும் கேளுங்கள்: எப்படித் தூங்க வைப்பார்கள், எதற்குப் பயப்படும், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், யாரோடு ஒட்டு. பிள்ளை படுத்த துணி ஒன்றைக் கழுவாமல் தரச் சொல்லுங்கள். பழகிய மணம் பக்கத்தில் இருந்தால் முதல் இரவுகள் இலேசாகும்.

படி 8: அயலவருக்கும் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியது

பிள்ளை வந்த அன்றே லயமே திரண்டு வரும். அன்பில்தான் வருவார்கள். இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் தூக்குவதும் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் நீங்கள் மட்டுமே என்று முன்னமே சொல்லி வையுங்கள். பலர் கைமாறி வளர்ந்த பிள்ளை யாரிடம் ஒட்டுவது என்று தெரியாமல் நிற்கும். அதற்கு ஒரே முகங்கள் தேவை.

தத்தெடுத்த விஷயத்தைப் பிள்ளைக்கு மறைக்க முடியாது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பேச்சுப் புரியாத வயதிலிருந்தே சொல்லி வந்தால் அது பிள்ளைக்குப் புதுச் செய்தியாகவே இருக்காது. பழைய பெயரையும் மாற்றாமல் விடுவது நல்லது. பிள்ளைக்குத் தெரிந்த தன்னுடைய பொருள் அது ஒன்றுதான்.

படி 9: முதல் வாரத்து மருத்துவ வேலை

உங்கள் பகுதிக் குடும்ப நல மருத்துவமாதுவிடம் பிள்ளை வந்ததை அறிவித்து, கிளினிக்கில் நிறை எடுத்து, விடுபட்ட ஊசிகளைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

குளிர்ப் பிரதேசத்தில் நிமோனியாவை நேரத்தோடு பிடிக்க வேண்டும். பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் தொடக்கம் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ வந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். பாதை வெட்டுப்படும் மழைக்காலத்துக்கு, இரவிலும் வரக்கூடிய முச்சக்கரவண்டிக்காரர் இருவரின் இலக்கங்களைக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.