கிளாடியோலஸ் கிழங்கு அழுகல்: டர்பன் தோட்டங்களில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், உறைபனி இல்லாத டர்பனில், கதிர்போல நீண்ட தண்டில் பூக்கும் கிளாடியோலஸின் கிழங்கை ஆடியில் ஊன்றினால், ஏறக்குறைய 90 நாளில், தீபாவளியை ஒட்டிப் பூக்கதிர் விட்டுவிடும். கதிர் வராமல் இலை நுனி மஞ்சளித்து நிற்கும்போதுதான் முதல் தவறு நடக்கிறது. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். நானும் இரண்டு பருவம் அப்படி ஊற்றியவன்தான். ஒரு செடியைப் பிடுங்கிக் கிழங்கை நெடுக வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுப்பு ஓடியிருந்தால் பெரும்பாலும் அது பியூசேரியம் பூஞ்சை. வேர்வழியே ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது.

அடுத்தது வெளிறிய இலைக்கு யூரியா. யூரியா தரும் அம்மோனிய வகைத் தழைச்சத்தும் அமில மண்ணும் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சுண்ணாம்பு இட்டு, தழைச்சத்தை நைட்ரேட்டாகக் கொடுத்தால் நோயின் வேகம் தணியும். அடியோடு போகாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, குட்டிக் கிழங்குகளைப் பங்கு போடுவது. டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் நன்றாகப் பூத்துவிட்டால் மறு ஆண்டு அத்தை வீடு, சித்தி வீடு, எதிர்வீடு என்று பயணம் தொடங்கிவிடும். நோயுற்ற செடியின் குட்டிகள் வெளிப்பார்வைக்குக் குறையின்றி இருக்கும். பூஞ்சை உள்ளே உறங்கும். புது மண்ணில் இறங்கியபின் அதன் தடித்தோல் வித்துகள் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பூவைக் கொடுங்கள்.

அழுகியதை எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் நான்கு ஆண்டுகளாவது கிளாடியோலஸும் அதன் உறவான ஃப்ரீசியாவும் வேண்டாம். செண்டுமல்லி போடுங்கள், காவடிக்கு ஆகும்.

ஃப்ரீசியாவை "இந்த நாட்டுச் செடிதானே, மண்ணிலேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த நாடுதான், ஆனால் அதன் ஊர் தென்மேற்கே, குளிர்காலத்தில் மழை பெய்யும் கேப் பக்கம். அங்கே வறண்ட கோடையில் அது உறங்கும். நமக்கோ மழையே கோடையில்தான். உறங்கும் கிழங்கைச் சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் விட்டால் பூஞ்சைக்குப் பந்தி விரித்ததுபோல. இலை காய்ந்ததும் தோண்டி, நிழலில் உலர்த்தி, வெங்காய வலைப்பையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேர்த்துப்போகும்.

கடையில் கிழங்கு வாங்கும்போது அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மேல்தோலைச் சற்று உரித்துப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.