கனடா, அமெரிக்கா போய் இறங்கிய செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: வீட்டு பிரேக்கர் பெட்டி

ஊரில் பீஸ் போனால் மெயினை அணைத்து, பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கம்பியை இன்னொரு முறுக்குக் கூட்டிச் சுற்றிச் செருகிவிடுவோம். அது இங்கேயும் தப்புதான். ஏதோ, செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய காரைக்குடி வீட்டுச் சுவர் பொறுத்துக்கொள்கிறது. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. வயரும் அந்தச் சட்டத்துக்குள்ளேதான் ஓடுகிறது. அங்கே பீஸுக்குப் பதில் பிரேக்கர், அதாவது லோடு மீறினால் தானே கரண்டை அறுக்கும் சுவிட்ச். அது விழுந்தால் மல்லுக்கட்டாதீர்கள், ஏன் விழுந்தது என்று பாருங்கள்.

பெரும்பாலும் லோடுதான் காரணம். அங்கே பிளக் பாயிண்ட்டில் வருவது 120 வோல்ட். சாதாரண லைனுக்கு 15 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 1800 வாட்தான் கணக்கு. நம் 230 வோல்ட்டில் அதே 15 ஆம்பியர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமக்கும். குளிருக்கு வைக்கும் சின்ன ஹீட்டர் ஒன்றே 1500 வாட். அதே லைனில் கெட்டிலையும் போட்டால் போச்சு. மேசை கிரைண்டரைத் திட்டாதீர்கள், அது இழுப்பது கொஞ்சம். சூடாக்கும் சாமான்கள்தான் வில்லன்.

விழுந்த பிரேக்கரைக் கண்டுபிடிப்பது தனி வேலை. நம்மூர் பிரேக்கரான எம்.சி.பி. மாதிரி முழுசாகக் கீழே வராது. பிடி நடுவில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும், விரல் வைத்தால் லொடலொடவென்று ஆடும். அதை அப்படியே ஆன் பக்கம் தள்ளினால் நிற்காது. முதலில் ஆஃப் பக்கம் அழுத்தித் தள்ளி, டக்கென்று சத்தம் கேட்டபின் ஆன் செய்யுங்கள். உடனே மறுபடி விழுந்தால் ஷார்ட்டோ கரண்ட் கசிவோ இருக்கலாம்; விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

டொராண்டோவுக்குப் போன பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் கூப்பிட்டார்: "அண்ணே, பெட்டியில எல்லாம் சரியாத்தான் இருக்கு, மாடி பாத்ரூம்ல மட்டும் கரண்ட் இல்ல."

"பிளக் பாயிண்ட்ல ரீசெட் பட்டன் இருக்கான்னு பாருப்பா."

மாடியில் இல்லை, கீழ் பாத்ரூமில் இருந்தது. ஈரம் புழங்கும் இடங்களில் கரண்ட் கசிவு கண்டால் தானே அறுத்துக்கொள்ளும் பாயிண்ட் வைப்பார்கள். ஒன்றின் பின்னால் வேறு அறைப் பாயிண்ட்களும் தொடர்ந்திருக்கும். பெட்டியைக் குடைவதற்கு முன் அந்தப் பட்டனைத் தேடுங்கள்.

சில விளக்கு மங்கி, சில விளக்கு அளவுக்கு மீறி எரிந்தால் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு மின்சாரக் கம்பெனிக்கு போன் போடுங்கள். கருகிய வாடை, பெட்டி மூடியில் சூடு, கொர்ரென்ற சத்தம் என்றாலும் தாமதிக்காதீர்கள். புகை வந்தால் முதலில் வெளியேறி, அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.

மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்தாலும் உள்ளே சில இடங்களில் கரண்ட் இருக்கும். நம்மூர் வயர்மேன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியும் பிரயோஜனமில்லை, அந்த ஊர் வயரிங் வேறு. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கூலிக்கு வயரிங் செய்ய உரிமம் வேண்டும். கோயிலில் பழக்கமான பையனிடமும் அதைக் கேளுங்கள்.

பேஸ்மென்ட்டில் வாடகைக்குப் போகிறீர்கள் என்றால் சாவி வாங்கும் அன்றே பெட்டி எங்கே என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பக்கத்துப் பூட்டிய அறைக்குள் இருக்கிறது என்றால், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதையும்.