பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கும் முன்: படிப்படியாக

சிங்கப்பூரில் கோப்பிக் கடையில் உட்கார்ந்தபடி மின்கட்டணம் கட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்றுகொண்டே சம்பளப் பணத்தை ஊருக்கு அனுப்புகிறோம். சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும் முன் ஒரு பேநவ், அதாவது தொலைபேசி எண்ணை வைத்து உடனடியாகப் பணம் அனுப்புவது. அந்த நேரத்தில் கைத்தொலைபேசி எந்த இணைப்பில் இருக்கிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு இருப்பவர் நம் மறைச்சொல்லைக் காற்றிலேயே படித்துவிடுவார் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் வங்கிச் செயலிக்கும் வங்கிக்கும் இடையே போகும் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. யாராவது பிடித்தாலும் கிடைப்பது புரியாத எழுத்துக் குவியல்தான். பணம் போகும் வழி வேறு. போலி வைஃபை நம் முன் ஒரு பக்கத்தை நீட்டுகிறது, அதில் நாமே விவரங்களைத் தட்டிக் கொடுத்துவிடுகிறோம். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அந்த ஒரு நொடியைக் குறிவைத்தவை.

படி 1: வைஃபையை அணைத்து, டேட்டாவுக்கு மாறுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதிக் கவலை தீரும். பணம் அனுப்பச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு, ஒரு சிறு காணொளியின் அளவுகூட வராது. ஐபோனில் ஒரு சிக்கல் உண்டு. திரையை இழுத்து வரும் கட்டுப்பாட்டுப் பலகையில் வைஃபைக் குறியைத் தட்டினால் அது முழுதாக அணையாது. அப்போதைக்கு இணைப்பைத் துண்டிக்கும், வேறு இடத்துக்குப் போனதும் அல்லது காலை 5 மணிக்கு மறுபடி தானாகவே உயிர்பெறும். அணைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குள் சென்று வைஃபை பொத்தானை நகர்த்துங்கள்.

வைஃபையிலிருந்து மாறுவதைப் பணம் அனுப்பத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்திய பிறகு மாற்றினால் திரை அப்படியே நின்றுவிடலாம். பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடும். பேநவ்வில் பணம் சில வினாடிகளில் சேர்ந்துவிடும், நம்மால் திரும்ப இழுக்க முடியாது. பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்த்துவிட்டே அடுத்த முறை அழுத்துங்கள்.

படி 2: பழைய இணைப்புகளை மறக்கச் சொல்லுங்கள்

கைத்தொலைபேசி ஒரு வைஃபையை இடத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. பெயரும் பாதுகாப்பு வகையும் பொருந்தினால் போதும், பழகிய இணைப்பு என்று நினைத்துத் தானாகச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் போன மாதம் ஒரு கடைத்தொகுதியில் பயன்படுத்திய மறைச்சொல் இல்லாத வைஃபையின் பெயரை, யார் வேண்டுமானாலும் தன் கருவிக்கு வைத்துக்கொள்ளலாம். மறைச்சொல்லைச் சுவரில் ஒட்டியிருக்கும் கடைக்கும் இதே கதைதான். அந்த மறைச்சொல் தெரிந்தவர் எவரும் அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கலாம்.

ஐபோனில் செட்டிங்ஸ், வைஃபை, மேலே உள்ள எடிட் என்று போனால் பழைய பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். வீடு, அலுவலகம் தவிர மற்றவற்றை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபைப் பக்கத்தில் சேமித்த இணைப்புகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் தட்டித் தானாக இணைவதை நிறுத்துங்கள், அல்லது மறக்கச் சொல்லுங்கள்.

படி 3: வைஃபைதான் வழி என்றால், பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

தீவெங்கும் கிடைக்கும் இலவசப் பொது வைஃபையான ஒயர்லெஸ்@எஸ்ஜி 2006 முதல் நடப்பில் இருக்கிறது. பட்டியலில் அதே பெயரோடு கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து சேர்ந்த இன்னொன்றும் தெரியும். எக்ஸ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அது உங்கள் சிங்கப்பூர் சிம் அட்டையை வைத்தே உங்களை அடையாளம் காணும், கருவிக்கும் வைஃபைக்கும் இடையிலும் மறையாக்கம் உண்டு. முக்கியமாக, உள்ளே நுழைய எந்தப் பக்கத்தையும் நிரப்பச் சொல்லாது. நிரப்பும் பக்கமே வராத இடத்தில் போலிப் பக்கத்துக்கு வேலை இல்லை.

படி 4: நுழைவுப் பக்கம் என்ன கேட்கிறது?

இங்கே நிதானம் வேண்டும். பொது வைஃபையில் சேர்ந்ததும் தானாக ஒரு பக்கம் திறக்கும். கைத்தொலைபேசி எண்ணைக் கேட்டு ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் மறைச்சொல்) அனுப்புவது வழக்கம். அதுவரை சரி. பின்வருவனவற்றில் ஒன்றைக் கேட்டாலும் உடனே மூடிவிட்டு அந்த இணைப்பை மறக்கச் சொல்லுங்கள்:

- வங்கி அட்டை எண். “சரிபார்க்க 1 வெள்ளி மட்டும்” என்றாலும் கொடுக்காதீர்கள். இலவச வைஃபைக்கு அட்டை எண் தேவையே இல்லை.
- சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளில் நுழையும் கணக்கு) அல்லது இணைய வங்கி மறைச்சொல்.
- வேகமான இணைப்புக்காக ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வது. அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியே வரும் அப்படிப்பட்ட செயலி உங்கள் திரையைப் பார்க்கவும் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் கருவி உங்கள் கையில், கட்டுப்பாடு அவர்கள் கையில்.

வந்த ஓடிபி செய்தியை முழுதாகப் படியுங்கள், ஆறு எண்களை மட்டும் பார்க்காதீர்கள். அது எதற்கானது என்று அதிலேயே எழுதியிருக்கும். வைஃபை பக்கத்தில் எண் கேட்கும்போது வங்கியிலிருந்து ஓடிபி வந்தால், வேறொருவர் உங்கள் பெயரில் எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். 2024 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்த மாற்றத்தின்படி, மின்னிலக்க டோக்கனை (வங்கிச் செயலிக்குள் இருந்தபடி நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் வசதி) இயக்கியவர்களுக்கு முக்கிய வங்கிகளில் உள்நுழைவு ஓடிபி நிறுத்தப்பட்டது. உங்களிடம் டோக்கன் இருக்கும்போது உள்நுழைய ஓடிபி கேட்கும் “வங்கிப் பக்கத்தை” நம்ப வேண்டாம்.

படி 5: உலாவியை விடச் செயலி நல்லது

வங்கிச் செயலி எதிர்முனை போலி என்று கண்டால் இணைய மறுக்கும், அவ்வளவுதான். உலாவியோ “இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று எச்சரித்துவிட்டு, மீறிப் போகவும் சில நேரம் வழி விடும். பொது வைஃபையில் நுழைவுப் பக்கத்தை முடிக்காமல் வங்கித் தளத்தைத் திறந்தாலும் இந்த எச்சரிக்கை வரும், கருவியின் தேதி தவறாக இருந்தாலும் வரும். காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், டேட்டாவுக்கு மாறுங்கள். தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக் குறியையும் நம்ப முடியாது. போலித் தளத்துக்கும் அது கிடைக்கிறது.

மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பு வழியாக வங்கிக்குள் போகவே கூடாது. 2021 டிசம்பரில் ஒரே வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 790 பேர் அப்படித்தான் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதன் பிறகு வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டக்கூடிய இணைப்புகளை எடுத்துவிட்டன.

மடிக்கணினியில்தான் வேலை என்றால், கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து அதில் இணையுங்கள். மறைச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பலரும் பயன்படுத்தும் பொதுக் கணினியில் வங்கி வேலையே வேண்டாம்.

படி 6: வீட்டில் இருக்கும்போதே இவற்றைச் செய்துவையுங்கள்

எவ்வளவு பணம் போனால் அறிவிப்பு வர வேண்டும் என்ற அளவு 100 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். செயலியில் அதை இயன்றவரை குறையுங்கள். ஒரு வெள்ளி போனாலும் தெரிய வேண்டும். தினசரிப் பரிமாற்ற வரம்பையும் உங்கள் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். சேமிப்பின் பெரும்பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியை டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்தன. பூட்டிய பணத்தை இணையம்வழி யாரும், நீங்களே கூட, நகர்த்த முடியாது. ஊரில் வீடு கட்ட வருடக்கணக்கில் சேர்த்த காசு வைத்திருக்கும் தம்பிகள் இதை இன்றே செய்தால் நல்லது.

எதையோ தட்டிவிட்டீர்கள் என்றால்

முதலில் விமானப் பயன்முறைக்கு மாற்றி இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு அழைத்து, கணக்கை உடனே முடக்கச் சொல்லுங்கள். வங்கிகளிடம் இதற்கென்றே அவசர முடக்க வசதி இருக்கிறது, செயலியிலும் கிடைக்கும். கூகலில் வங்கி எண்ணைத் தேடாதீர்கள். பதற்றத்தில் விளம்பரமாக வரும் போலி எண்ணில் விழ வாய்ப்பு உண்டு. ஏமாற்றப்பட்டோமா இல்லையா என்ற குழப்பம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள்.

வேறொரு கருவியில் உங்கள் மின்னிலக்க டோக்கன் பதிவாகிறது என்று வங்கியிடமிருந்து அறிவிப்பு வந்தால், நேரம் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறது. புதிய டோக்கன் இயங்கத் தொடங்க குறைந்தது 12 மணி நேரம் ஆகும். இரவு 11 மணிக்கு வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அப்போதே அழையுங்கள்.